ஐந்து தலைமுறைச் சிப்பி வியாபாரம்: ஒரு குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது?

கேள்வி இதுதான்: கடலையும் பருவத்தையும் நம்பி நடக்கிற சிப்பி வளர்ப்பில் ஒரே குடும்பம் நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்து நிற்க முடியுமா? நின்றவர்கள் இருந்தால், எப்படி நின்றார்கள்?

நின்றவர்கள் இருக்கிறார்கள். பிரான்சிலும் நெதர்லாந்திலும்கூட அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஷெல்டன் என்ற சிற்றூரை மையமாக வைத்து இயங்கும் டெய்லர் குடும்பம். டெய்லர் ஷெல்ஃபிஷ் ஃபார்ம்ஸ் என்பது நிறுவனத்தின் பெயர். 1890களில் தொடங்கிய தொழில், இப்போது ஐந்தாம் தலைமுறையிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் சிப்பியும் மட்டியும் வளர்ப்பவர்களில் மிகப் பெரியவர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள்.

அவர்கள் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது ஒன்று. ஐந்து தலைமுறையும் ஒரே சிப்பியை வைத்துப் பிழைக்கவில்லை. அப்பா எதை விற்றுச் சாப்பிட்டாரோ, அது பிள்ளை காலத்தில் செத்துப்போனது, அல்லது சாகும் நிலைக்கு வந்தது. கைமாறி வந்தவை இரண்டே: சேற்றுத் தரையின் பட்டா, அந்தத் தண்ணீரைப் பற்றிய அறிவு. இதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். ப்யூஜெட் சவுண்ட் என்பது பசிபிக் கடல் நிலத்துக்குள் வெகுதூரம் நுழைந்து நிற்கும் பகுதி. அதன் தென்கோடி குறுகிய நீர்க்கிளைகளாகப் பிரிகிறது. அவற்றில் ஒன்று டோட்டன் இன்லெட். கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் இடம் அது. நீர் வற்றினால் ஏக்கர் கணக்கில் சேற்றுத் தரை வெளியே தெரியும். இந்தத் தொழிலின் நிலம் அதுதான்.

அங்கே இயற்கையாக விளைந்தது ஒலிம்பியா சிப்பி. வளர்ந்தாலும் ஒரு பெரிய நாணயம் அளவுதான் இருக்கும், விற்கும் பருவத்துக்கு வர மூன்று நாலு வருஷம் ஆகும். ஒரு கேலன் நிறையச் சதை எடுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பிகளை உடைக்க வேண்டும். ஆனால் ருசிக்குப் பெயர்போனது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்து சான் பிரான்சிஸ்கோ திடீரென்று பெருத்தபோது, 1850களிலேயே வாஷிங்டன் கரையிலிருந்து, குறிப்பாக இப்போது வில்லபா என்று அழைக்கப்படும் விரிகுடாவிலிருந்து, பாய்மரக் கப்பல்களில் சிப்பி போனது. அள்ளி அள்ளி விற்றதில் இயற்கைப் படுகைகள் சில பத்தாண்டுகளில் காலியாகின. அதற்கு அப்புறம்தான் வளர்ப்பு என்ற எண்ணமே வலுத்தது.

குடும்பத்தின் மூத்தவர் ஜே. ஒய். வால்ட்ரிப். நான்காம் தலைமுறையில் நிறுவனத்தை நடத்திய பில் டெய்லர், பால் டெய்லர் சகோதரர்களுக்குக் கொள்ளுத்தாத்தா. சிப்பிக்கு வருவதற்கு முன் அவர் பார்க்காத வேலை இல்லை என்று குடும்பத்தார் சொல்கிறார்கள்: பொறியாளர், மருந்து விற்பனை, சூதாட்டம், கொல்லுப்பட்டறை, கனடா அரசுக்கு மாட்டிறைச்சியும் குதிரையும் சப்ளை. அரிசோனாவில், அந்நாளில் பெயர்போன காவல் அதிகாரி வயட் எர்ப்போடு சேர்ந்து கால்நடைப் பண்ணை பார்த்தார் என்பதும் அவர்கள் வீட்டுக் கதை. எல்லாம் சுற்றிவிட்டு டோட்டன் இன்லெட்டின் சேற்றில் வந்து காலூன்றினார்.

அவர் வந்த நேரம் முக்கியம். 1895ல் வாஷிங்டன் மாநிலம் புஷ், கேலோ என்று இரண்டு சட்டங்களை இயற்றியது. சிப்பி வளர்ப்பதற்காக ஓதத் தரையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் சேற்றுத் தரையை, தனியார் விலைக்கு வாங்கலாம், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் நிலம் அரசுக்குத் திரும்பிவிடும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடலோரச் சேறு பொதுச் சொத்து, வளர்ப்பவருக்குக் குத்தகைதான் கிடைக்கும். இங்கே சொந்தப் பட்டாவே கிடைத்தது. எனக்குக் கேட்டால் இந்தக் குடும்பக் கதையின் அஸ்திவாரமே இந்தச் சட்டங்கள்தான். நாளை குத்தகை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் இருந்தால், நாலு வருஷம் கழித்து விற்கப்போகும் உயிருக்கு யாரும் இன்று காசு போடமாட்டார்கள்.

காசும் கொஞ்சமாகப் போடவில்லை. ஒலிம்பியா சிப்பி கடுங்குளிரையும் வெயிலையும் தாங்காது, நீர் வற்றும்போது ஓரளவாவது தண்ணீருக்குள் கிடக்க வேண்டும். அதற்காகச் சேற்றில் மரப்பலகைகளாலும் பிறகு கான்கிரீட்டாலும் தாழ்வான தடுப்புகள் கட்டினார்கள். உள்ளே தரையைச் சமப்படுத்தி, சரளையும் ஓடும் பரப்பினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக இறங்கும் இந்தப் பாத்திகளைப் பார்த்தால் வரப்பு கட்டிய மலையடிவார வயல் மாதிரியே இருக்கும். ஓதம் இறங்கினாலும் ஒவ்வொரு பாத்தியிலும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும்.

வேலை நேரத்தைக் கடல் தீர்மானித்தது. அந்தப் பகுதியில் கோடையில் பெரிய வற்றம் பகலில் வரும், குளிர்காலத்தில் இரவில். சிப்பிக்கு விலையும் சுவையும் கூடும் பருவம் குளிர்காலம். ஆகவே நவம்பர், டிசம்பர் இரவுகளில், மழையில், விளக்கைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, முட்கரண்டி போன்ற பெரிய கருவியால் சிப்பியை வாரி மிதவையில் ஏற்றுவார்கள். பொறுக்கிப் பிரிக்கும்போது சிறியவை பாத்திக்கே திரும்பிப் போகும். இன்றும் இரவு வற்றத்துக்குத் தொழிலாளிகள் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இயந்திரம் எவ்வளவோ வந்தும் இந்த நேரக்கணக்கை யாராலும் மாற்ற முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பட்டா கொடுக்கப்பட்ட அந்தச் சேறு ஆளில்லாத நிலம் அல்ல. ஸ்குவாக்ஸின் முதலான பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி எடுத்த இடம். 1854ல் மெடிசின் க்ரீக் ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். குடியேறிகள் முளையடித்து அல்லது பயிரிட்டு வைத்த சிப்பிப் படுகைகளில் எடுக்கக் கூடாது என்று மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. இந்த ஒற்றை வாக்கியம் நூற்று நாற்பது வருஷம் கழித்து நீதிமன்றத்துக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் பெரிய அடி 1927ல் விழுந்தது. ஷெல்டனில் மரக்கூழ் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. மரத்தைச் சல்ஃபைட் கரைசலில் வேகவைத்துக் கூழாக்கும் முறை. மிச்சமாகும் கழிவுநீர் அருகிலிருந்த விரிகுடாவுக்குப் போனது. சில வருஷங்களில் ஒலிம்பியா சிப்பியின் இனப்பெருக்கம் குறைந்தது, வளர்ந்தவையும் தேறவில்லை. வளர்ப்பவர்கள் வழக்குக்குப் போனார்கள், விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள், ஆலை 1957ல்தான் மூடப்பட்டது. முப்பது வருஷம்! அதற்குள் ஒலிம்பியா சிப்பித் தொழில் நிழலாகிவிட்டது. ஆலை மட்டும் காரணம் இல்லை. மரம் வெட்டிய மலைகளிலிருந்து வந்த வண்டல், ஓட்டில் துளைபோட்டுச் சதையை உறிஞ்சும் ஒரு வகை நத்தை எல்லாம் சேர்ந்துதான் கெடுத்தன. அந்த நத்தை வந்த வழி, அடுத்து தொழிலைக் காப்பாற்றிய வழியேதான்.

அது ஜப்பானிலிருந்து வந்த பசிபிக் சிப்பி. 1919ல் ட்சுகிமோட்டோ, மியாகி என்ற இரு ஜப்பானியர்கள் வடக்கே சமிஷ் விரிகுடாவில் 400 பெட்டி சிப்பியைக் கப்பலில் வரவழைத்து இறக்கினார்கள். பயணத்தில் பெரிய சிப்பிகள் எல்லாம் செத்துப்போயின. ஆனால் அவற்றின் ஓட்டில் ஒட்டியிருந்த கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சுகள் பிழைத்துக் கொழுத்து வளர்ந்தன. பெரிய சிப்பியை அனுப்ப வேண்டியதில்லை, குஞ்சு ஒட்டிய ஓட்டை அனுப்பினால் போதும் என்ற பாடம் அந்த நஷ்டத்தில் கிடைத்தது. அதற்கப்புறம் ஜப்பானின் மியாகி மாவட்டத்திலிருந்து வருஷா வருஷம் பெட்டி பெட்டியாகக் குஞ்சு வந்தது. ஒலிம்பியாவைவிடப் பல மடங்கு பெரியது, இரண்டு மூன்று வருஷத்தில் விலைக்கு வரும்.

கண்டுபிடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1921ல் வாஷிங்டன் மாநிலம் ஜப்பானியக் குடியேறிகள் நிலம் வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் போட்டது. சமிஷ் படுகை வெள்ளையர் கைக்குப் போய் ராக் பாயின்ட் கம்பெனி ஆனது. 1942ல் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை மொத்தமாக முகாம்களில் அடைத்தபோது, சிப்பிப் படுகைகளில் பாடுபட்ட குடும்பங்களும் போயின. சமிஷ் பண்ணை பின்னாளில் டெய்லர் குடும்பத்திடம் வந்தது. ஒரு குடும்பம் ஐந்து தலைமுறை நிலைத்தது என்று பெருமையாகச் சொல்லும்போது, அதே தொழிலில் ஒரு தலைமுறைகூட நிலைக்க விடப்படாதவர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் முழு வரலாறு.

டெய்லர் குடும்பம் இன்றைய உருவத்துக்கு வந்தது மூன்றாம் தலைமுறையில், எட்வின், ஜஸ்டின் என்ற சகோதரர்கள் காலத்தில். 1960களின் முடிவில் டெய்லர் யுனைடெட் என்ற பெயரில் தொழிலை ஒன்றுசேர்த்தார்கள். ஒலிம்பியாவும் பசிபிக்கும் மட்டும் போதாது என்று மணிலா மட்டியில் இறங்கினார்கள். அந்த மட்டியை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. ஜப்பானியச் சிப்பிக் குஞ்சுப் பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு வந்து, சரளைக் கரைகளில் தானாகவே பெருகியது. போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து வந்த சரக்கில் குமாமோட்டோ என்ற சிறிய, ஆழமான கிண்ண ஓடுள்ள இனமும் இருந்தது. ஆரம்பத்தில் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் உணவகங்களில் பரவியபோது, அளவு சிறியது, இனிப்புச் சுவை என்று அதற்கு எக்கச்சக்கக் கிராக்கி வந்தது.

வியாபாரம் மாறியதும் இந்தக் கட்டத்தில்தான். பழைய நாளில் லாபம் சதையில். ஓட்டை உடைத்து, சதையை ஜாடியில் அடைத்து, ரயிலில் அனுப்புவார்கள். ஓடு எப்படி இருந்தாலும் கவலை இல்லை. 1980களுக்குப் பிறகு உயிரோடு ஓட்டோடு விற்பது பெருகியது. தட்டில் ஐஸ்மேல் வைத்துப் பரிமாறும்போது ஓட்டின் அழகும் விலைதான். அதற்கேற்ப இவர்கள் செய்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சிப்பிகளை வலைப்பையில் போட்டு, பையின் ஒரு பக்கத்தில் மிதவை கட்டிவிடுகிறார்கள். ஏற்றத்தில் பை தலைகீழாக எழும்பும், வற்றத்தில் படுத்துக்கொள்ளும். தினமும் இப்படிப் புரள்வதால் ஓட்டின் மெல்லிய விளிம்பு உடைந்து உடைந்து, நீளமாக வளர முடியாமல் சிப்பி கிண்ணம் போலக் குழிந்து கனக்கிறது. ஷிகோக்கு என்ற பெயரில் விற்கிறார்கள். ஓதத்தையே கூலி இல்லாத வேலையாள் ஆக்கிவிட்டார்கள்.

அப்புறம் கூயிடக். மண்ணுக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்து, நீண்ட குழலை மட்டும் மேலே நீட்டி மூச்சுவிடும் பெரிய மட்டி, நூறு வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. ஹாங்காங்கிலும் சீனாவிலும் விருந்துக்கு இதற்கு நல்ல விலை. 1990களில் இதை வளர்க்கும் முறை பிடிபட்டது. சேற்றில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் செருகி ஒவ்வொன்றிலும் சில குஞ்சுகளை இடுவார்கள். நண்டும் மீனும் தின்னாமல் ஆரம்பப் பருவத்தில் அந்தக் குழாய் காக்கும். அறுவடைக்கு ஐந்தாறு வருஷம். கரையில் வீடு வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கான குழாய்கள் கண்ணை உறுத்துகின்றன, பிளாஸ்டிக் கடலில் கலக்கிறது என்று எதிர்த்தார்கள், வழக்குகளும் நடந்தன. 2013 டிசம்பரில் சீனா, நச்சும் ஆர்சனிக்கும் இருந்ததாகச் சொல்லி அமெரிக்க மேற்குக் கரைச் சிப்பி வகைகளை வாங்குவதை நிறுத்தியபோது, ஒரே சந்தையை நம்புவதன் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது. தடை 2014ல் விலகியது. சீயாட்டில் நகரில் சொந்தமாகச் சிப்பிக் கடைகள் திறந்து, தாங்களே உடைத்துப் பரிமாறவும் இவர்கள் தொடங்கியிருந்தார்கள். வளர்ப்பு, மொத்த வியாபாரம், சில்லறை மூன்றும் ஒரே கையில் இருப்பது இந்தத் தொழிலில் பெரிய பலம்.

இனி குஞ்சு விஷயம், ஏனென்றால் அடுத்த கண்டம் அங்கேதான் வந்தது. வாஷிங்டன் கடல் குளிர்ச்சி, பசிபிக் சிப்பி அங்கே எல்லா வருஷமும் நம்பகமாகக் குஞ்சு விடாது. ஜப்பானிலிருந்து வரவழைப்பதும் செலவு. ஆகவே 1970களிலிருந்து தொழில் குஞ்சு பொரிப்பகங்களுக்கு மாறியது. டெய்லர் குடும்பமும் ஹூட் கால்வாயின் டாபாப் விரிகுடாவில் ஒன்றை நடத்துகிறது, ஹவாய்த் தீவிலும் உண்டு. தொட்டியில் தாய்ச் சிப்பியை வெதுவெதுப்பில் வைத்து முட்டையிடச் செய்வார்கள். இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரியும் குஞ்சுக்கு ஒரு கண்புள்ளி தோன்றும், சின்னக் கால் முளைக்கும். ஒட்டிக்கொள்ள இடம் தேடுகிறது என்று அர்த்தம். அந்தக் கணத்தில் வடிகட்டி, ஈரத்துணியில் பொதிந்து, குளிரில் வைத்துப் பண்ணைக்கு அனுப்பலாம். ஒரு கைப்பிடி உருண்டைக்குள் பல லட்சம் உயிர்! பண்ணையில் பழைய சிப்பி ஓடுகள் நிறைந்த தொட்டியில் கரைத்துவிட்டால் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களிலிருந்து நம் சிப்பியை வளர்த்துப் பார்த்தபோதும் பழைய ஓட்டில் குஞ்சை ஒட்டவைக்கும் இதே அடிப்படைதான்.

2005லிருந்து 2009 வரை அமெரிக்கப் பசிபிக் கரைப் பொரிப்பகங்களில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. ஒரிகன் மாநிலத்தின் விஸ்கி க்ரீக் பொரிப்பகத்தில் ஆரம்பித்து டாபாபிலும் அதே கதை. முதலில் பாக்டீரியா என்று நினைத்தார்கள். வடிகட்டி, கிருமி நீக்கியும் சாவு நிற்கவில்லை. கடைசியில் பிடிபட்டது தண்ணீரின் அமிலத்தன்மை. காற்று வடக்கிலிருந்து வீசினால் கரையோர மேல்நீர் விலகி, ஆழத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு நிறைந்த குளிர்நீர் மேலே ஏறும். காற்றிலிருந்து கடல் உறிஞ்சும் கார்பனும் அதோடு சேர்ந்துகொண்டது. கருவுற்ற முதல் இரண்டு நாளில், இன்னும் இரை எடுக்கத் தொடங்காத குஞ்சு, முட்டையில் இருக்கும் சத்தை மட்டும் வைத்து முதல் ஓட்டைக் கட்டுகிறது. நீர் அமிலமாக இருந்தால் ஓடு கட்டவே சத்தெல்லாம் தீர்ந்துவிடுகிறது. பிறகு வந்த தீர்வு எளிமையானது: நீரின் கார்பன் அளவை நேரத்துக்கு நேரம் காட்டும் கருவி, கெட்ட நேரத்தில் தொட்டிக்குள் சோடியம் கார்பனேட் கரைசல். துணி துவைக்கும் சோடா என்று நாம் சொல்வதுதான். பொரிப்பகத்துக்குள் இது வேலை செய்கிறது. வெளியே கடலில் கொட்ட முடியாது. 2012ல் வாஷிங்டன் மாநில ஆளுநர் கிறிஸ்டீன் கிரிகோர் இதற்கென்றே நிபுணர் குழு அமைத்தார். பருவநிலை மாற்றம் பற்றி அமெரிக்க அரசியலில் உரக்கப் பேசிய முதல் வியாபாரிகளில் சிப்பி வளர்ப்பவர்களும் சேர்ந்தது இப்படித்தான்.

தண்ணீருக்காகச் சண்டை போடுவது இவர்களுக்குத் தொழிலின் ஒரு பகுதி. சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். மேட்டில் ஒரு வீட்டுச் செப்டிக் டேங்க் ஒழுகினாலும், மாட்டுப் பண்ணைச் சாணம் மழையில் அடித்து வந்தாலும், படுகையை அதிகாரிகள் மூடிவிடுவார்கள். சமிஷில் பெருமழைக்குப் பின் இது வாடிக்கை. அதே சமயம் இவர்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள் அல்ல. 2015ல் வில்லபா விரிகுடாவில், தரையைத் துளைத்துச் சேற்றை இளக்கிவிடும் ஒரு வகை இறாலை ஒழிக்க இமிடாக்ளோபிரிட் பூச்சிமருந்து தெளிக்க வளர்ப்பவர்கள் அனுமதி பெற்றார்கள். சாப்பிடுபவர்களும் சமையல்காரர்களும் கொதித்தெழுந்ததும் டெய்லர் நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியது சரி என்பதே என் கருத்து. சுத்தமான தண்ணீரைக் கேட்டு மற்றவர்களிடம் வாதாடுகிறவர்கள் தங்கள் நீரில் மருந்து தெளிக்க முடியாது.

பட்டா விவகாரத்துக்கு வருகிறேன். 1994ல் நீதிபதி எட்வர்ட் ரஃபீடி, 1850களின் ஒப்பந்தங்களின்படி இயற்கையாக விளையும் சிப்பியில் பாதி பூர்வகுடிகளுக்கு உரியது, தனியார் ஓதத் தரையிலும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தார். வளர்ப்புப் படுகையில் எது இயற்கை விளைச்சல், எது மனிதன் போட்டது என்று பிரிப்பது பெரும்பாடு ஆனது. 2007ல் சமரசம் வந்தது. 17 பூர்வகுடிகள் வளர்ப்பவர்களின் படுகைகளில் பங்கு கேட்பதை விட்டுவிட, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 3.3 கோடி டாலரை, அவர்கள் வேறு ஓதத் தரைகளை வாங்கிக்கொள்ளவும் மேம்படுத்திக்கொள்ளவும் ஒதுக்கின. அந்தச் சமரசம் இல்லாமல் போயிருந்தால் 1895 பட்டாக்களின் மதிப்பு இன்று என்ன ஆகியிருக்கும் என்று சொல்வது கடினம்.

இப்போதைய தலைமுறைக்கு வந்திருக்கும் பிரச்சினை வெயில். 2021 ஜூன் கடைசியில் அந்தப் பகுதியில் வரலாறு காணாத அனல் அடித்தது. கோடையின் பெரிய வற்றம் நடுப்பகலில் வருவதால், அதே நாட்களில் படுகைகள் மணிக்கணக்கில் வெளியே கிடந்தன. கரையெங்கும் மட்டியும் சிப்பியும் வெந்து வாய்பிளந்தன. ஆழமான இடத்தில் வளர்ப்பது, வெப்பம் தாங்கும் குஞ்சைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது என்று முயற்சி நடக்கிறது. டோட்டன் இன்லெட்டில் ஒலிம்பியா சிப்பியையும் குடும்பம் இன்னும் கொஞ்சம் வளர்க்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விலையும் கிடைக்கிறது, ஆனால் மொத்த வியாபாரத்தில் அது சின்னப் பங்குதான்.